புதிதாக வந்த பெட்டைக் குதிரை: வாசகர் கேள்வி – பதில்

ஆடிச் சந்தை முடிந்த கையோடு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் புதுக்குதிரையைப் பற்றித்தான். இம்முறை பெட்டைக் குதிரை வாங்கியவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். அடிக்காமல், தீனியும் சொறிதலும் கொடுத்துப் பழக்குவது எப்படி என்பதே எல்லோருடைய கேள்வியும். கால்நடை மருத்துவர் ஒருவரும் பயிற்சியாளர் ஒருவரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் ஐந்து வயது மார்வாரிப் பெட்டை வாங்கினோம். வந்து பத்து நாளாகிறது. பக்கத்தில் போனாலே தலையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குகிறது. தீனி வைத்துவிட்டு நாங்கள் நகர்ந்த பிறகுதான் வாய் வைக்கிறது. "நாலு தட்டு தட்டினால் வழிக்கு வரும்" என்கிறார் பழைய ரேக்ளாக்காரர் ஒருவர். என் மகளுக்கு அதில் உடன்பாடில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

உங்கள் மகள் சொல்வதுதான் சரி. தட்டினால் பின்வாங்குவது நிற்கலாம், பயம் நிற்காது. ஆள் வந்தால் வலி வரும் என்று முடிவுகட்டிவிட்ட குதிரை அசையாமல் நிற்கப் பழகிக்கொள்ளும். பிறகு ஒருநாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உதைக்கும். முன்னறிவிப்பு கொடுத்தபோதெல்லாம் அடிதான் கிடைத்தது என்பதால் அதை விட்டிருக்கும்.

பழக்கத் தொடங்கும் முன் உடம்பைப் பாருங்கள். பல ஊர்க் குதிரைகளோடு நின்றுவிட்டு வந்த பிராணி அது. வீட்டில் வேறு குதிரை இருந்தால் மூன்று வாரமாவது தள்ளிக் கட்டி, தண்ணீர்த் தொட்டியும் தீவனத் தொட்டியும் தனியாக வையுங்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய். மருத்துவர் மூலம் ரத்த மாதிரி அனுப்பிப் பார்த்துவிடுவது நல்லது. ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இதற்கான பரிசோதனையைச் செய்கிறது. டெட்டனஸ் தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லையென்றால் போடாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அமைதியாக நிற்கும்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சும்மா நிற்கும்போதே துடிப்பு 60ஐத் தாண்டினால் பயிற்சியை மறந்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. முன்பு என்ன தின்றது என்று விற்றவரிடம் கேட்டு, ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அவசரப்பட்டால் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும்.

அடுத்து, முளைக்கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டிப்போட்ட குதிரை உங்களைக் கண்டு விலகிப் போக முடியாது. அதனால் அது நிற்பது சம்மதித்தா, வேறு வழியில்லாமலா என்பது உங்களுக்குத் தெரியாது. இந்தப் பயிற்சிமுறை முழுவதும் அந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது. முப்பது அடிக்கு முப்பது அடியாவது வேலி போட்ட இடம் வேண்டும். முள்கம்பி வேண்டாம், மூங்கில் அல்லது சவுக்குக் கழி போதும். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு மாடோ ஆடோ நிற்கட்டும். மந்தையில் வாழ்ந்த பிராணிக்குத் தனிமையே பெரிய பயம்.

வேலிக்கு வெளியிலிருந்து தொடங்குங்கள். நேர் எதிரே நடந்து வராதீர்கள். தோள்பட்டையைப் பார்த்து, சற்றுச் சாய்வாக வாருங்கள். எந்த இடத்தில் தலை உயர்கிறது என்று கவனியுங்கள். உதாரணமாக, பன்னிரண்டு அடியில் உயர்கிறது என்றால், அடுத்த முறை பதினைந்து அடியிலேயே நில்லுங்கள். வேலியோரத் தட்டில் ஒரு பிடி தீனியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுங்கள். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை இப்படி. நீங்கள் வந்தால் நல்லது வரும், வந்தவர் போயும்விடுவார் என்று அதற்குப் புரிய வேண்டும். சில குதிரைகளுக்கு மூன்று நாளில் புரியும், சிலவற்றுக்கு மூன்று வாரம்.

மார்வாரியின் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும். நுனியைப் பார்த்துக் குதிரையின் மனதைக் கணித்தால் ஏமாந்துபோவீர்கள். காதின் அடிப்பகுதி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். கூடவே முகவாயையும் பாருங்கள். பயத்தில் கீழுதட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம்போல் இறுகி நிற்கும். தளரும்போது உதடு தொங்கும், ஒரு பின்னங்காலை மடித்து நிற்கும், மூக்கால் நீளமாக ஊதும்.

வேலியருகே வந்து உங்கள் முன்னாலேயே தின்னத் தொடங்கிய பிறகு தொடலாம். முகத்தைத் தொட வேண்டாம். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் நகத்தால் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது என்று அளந்து பார்த்த ஆய்வுகளே இருக்கின்றன. கழுத்தில் பட்பட்டென்று தட்டிக்கொடுப்பது நமக்குப் பாசம், குதிரைக்கு அது வெறும் அடி. மூன்று நொடி சொறிந்துவிட்டுக் கையை எடுங்கள். தானாகவே உங்கள் பக்கம் சாய்ந்தால் தொடருங்கள், விலகினால் விட்டுவிடுங்கள்.

கேரட் கொடுத்துப் பழக்கினோம். இப்போது சட்டைப் பையைக் கவ்வுகிறது, தோளில் முட்டுகிறது, நேற்று என் மனைவியின் கையைக் கடித்துவிட்டது. தீனி காட்டிப் பழக்கினால் குதிரை கெட்டுப்போகும் என்பது உண்மைதானே?
– வாசகர், பொள்ளாச்சி

தீனி கெடுக்கவில்லை. தீனி வந்த நேரம்தான் கெடுத்தது. குதிரை பையை முகர்ந்தபோது ஒரு துண்டு கொடுத்தீர்கள், முட்டியபோது "சரி, இந்தா" என்று இன்னொரு துண்டு கொடுத்தீர்கள். பையைத் தேடுவதுதான் வேலை, அதற்குக் கூலி கேரட் என்று அது சரியாகவே கற்றுக்கொண்டிருக்கிறது. அதே கேரட்டை முகத்தை விலக்கிய நொடியில் கொடுத்திருந்தால் விலக்கக் கற்றிருக்கும்.

அந்த நொடியைப் பிடிக்கத்தான் ஓர் ஒலி தேவைப்படுகிறது. குதிரை தலையைத் திருப்புவது அரை நொடி. நீங்கள் பைக்குள் கைவிட்டுத் துண்டை எடுத்து நீட்ட மூன்று நொடி ஆகும். அதற்குள் அது மறுபடி பையை முகர்ந்திருக்கும். "நீ செய்தாயே, அதற்குத்தான்" என்று அந்த அரை நொடியிலேயே சொல்லிவிட்டால், தீனி கொஞ்சம் தாமதமாக வந்தாலும் கணக்கு சரியாகிவிடும். உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான பிரெலாண்ட் தம்பதியர் 1940களில் விலங்குப் பயிற்சிக்குக் கொண்டுவந்த வழி இது. டால்பின் பயிற்சியாளர்கள் விசில் ஊதுவதும் இதற்காகத்தான். அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவியான கிளிக்கர் கடையில் கிடைக்கும். இல்லையென்றால் அழுத்தினால் 'டிக்' என்னும் பந்துமுனைப் பேனா போதும். நாக்கைச் சொடுக்குவது வேண்டாம். நம் ஊரில் வண்டிக் குதிரையைக் கிளப்பவே அப்படித்தான் சொடுக்குகிறார்கள். "சரி" என்ற சொல்லும் உதவாது, நாளெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கடி தொடங்கிவிட்டதால் இனி இரண்டு வாரம் வேலிக்கு வெளியில் நின்று மட்டுமே பழக்குங்கள். சட்டைப் பையில் ஒன்றும் வேண்டாம். மூடியுள்ள இடுப்புப் பை ஒன்றில் தீனி இருக்கட்டும்.

முதல் நாள் ஒலிக்கு மட்டும். குதிரை மூக்கை நீட்டாமல் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளிக், உடனே தட்டில் ஒரு துண்டு. இருபது முறை. கிளிக் கேட்டதும் காது சட்டென்று உங்கள் பக்கமோ தட்டின் பக்கமோ திரும்பினால் ஒலியின் பொருள் புரிந்துவிட்டது.

இரண்டாம் நாள் பாடம் முகத்தை விலக்குவது. வேலிக்கு இந்தப் பக்கம், அதன் தோளுக்கு நேராக நில்லுங்கள். கைகள் இரண்டும் வயிற்றுக்கு முன் கட்டியிருக்கட்டும். மூக்கு பையைத் தேடி வரும். பேசாதீர்கள், தள்ளாதீர்கள், எட்டாத தூரத்துக்கு அரை அடி பின்வாங்கி நில்லுங்கள். தேடும், ஊதும், வேலியை நக்கும், அலுத்துப்போய் ஒரு கணம் முன்னால் பார்க்கும். அந்தக் கணத்தில் கிளிக். பிறகுதான் கை பைக்குள் போக வேண்டும். துண்டை உங்கள் வயிற்றருகே வைத்துக் கொடுக்காதீர்கள். கையை முழுதாக நீட்டி, அதன் முகம் நேராக இருந்தால் வாய் எங்கே இருக்குமோ அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். தீனி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் தலை தங்கும். கடிக்கும் குதிரைக்கு உள்ளங்கையில் வைத்துக் கொடுக்காமல் நீளக் கைப்பிடி உள்ள கரண்டியிலோ தட்டிலோ கொடுங்கள். ஆறேழு கிளிக்குக்குள் தலை நேராகவே நிற்கத் தொடங்கும். பிறகு ஒரு நொடி நின்றால் கிளிக், அடுத்து இரண்டு நொடி, பிறகு ஐந்து. நடுவில் ஓர் எளிய ஒரு நொடியும் வரட்டும். ஏறிக்கொண்டே போனால் சலித்துவிடும்.

ஐந்து நிமிடம் அல்லது இருபது துண்டு, எது முதலில் முடிகிறதோ அதோடு நிறுத்துங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். முடிக்கும்போது சட்டென்று திரும்பி நடந்தால் குதிரை எரிச்சலில் வேலியை உதைக்கும். வெறும் கைகளை விரித்துக் காட்டி, ஒரு கத்தை காய்ந்த புல்லைத் தரையில் உதறிப் போட்டுவிட்டு, அது மேயும்போது நகருங்கள்.

பெரும்பாலோர் தவறுவது கையில்தான். கிளிக் அடிக்கும் முன்பே கை பையை நோக்கி நகர்ந்துவிடுகிறது. பெர்லினில் 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல் கணக்குக்குக் குளம்பால் தட்டி விடை சொல்லும் என்று ஊரே நம்பியது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் சோதித்தபோது, கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸும் தவறுகிறது என்று தெரிந்தது. சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலையும் உடம்பும் தம்மை அறியாமல் மிக மெலிதாக அசைந்தன. ஹான்ஸ் அதைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியது. அந்த அளவு அசைவையே படிக்கும் கண்ணுக்கு முன்னால் நம் கை பைக்குப் போவது எவ்வளவு பெரிய சைகை! ஒருமுறை கைபேசியில் படம் பிடித்துப் பாருங்கள். கிளிக், சிறு இடைவெளி, பிறகு கை. இந்த வரிசை பிசகியிருந்தால் குதிரை ஒலியைக் கேட்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பரிசாக எதைக் கொடுக்கலாம்? வெல்லம் என்றால் உயிரை விடுகிறது.
– வாசகர், ஒட்டன்சத்திரம்

வெல்லம் வேண்டாம். சர்க்கரை கூடினால் குளம்புக்குள் வீக்கம் வரும் ஆபத்து உண்டு. குளம்பு சூடாகி, முன்னங்கால்களில் எடை வைக்க மாட்டாமல் பின்னால் சாய்ந்து நிற்கும். உணவு மீது வெறி ஏறிய குதிரைக்குப் பாடமும் ஏறாது. காய்ந்த குதிரைமசால் இலை ஒரு கிள்ளு, வேகவைத்து வடிகட்டி ஆறவைத்த கொள்ளு ஒரு தேக்கரண்டி, இவை போதும். கேரட் கொடுத்தால் வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் மெல்லியதாகக் கீறிக் கொடுங்கள். வட்டத் துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு பாடத்துக்கு மொத்தம் 200 கிராமுக்குள் நிறுத்தி, அன்றைய தீவனத்தில் அதைக் கழித்துவிடுங்கள். பசியோடு பாடத்துக்கு நிறுத்தாதீர்கள். 350 கிலோ எடையுள்ள பெட்டைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஏழு கிலோ உலர்பொருள் வேண்டும், அதாவது 20 கிலோ பசும்புல்லோடு மூன்று கிலோ காய்ந்த புல். அதைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுத்து, வயிறு நிதானமாக இருக்கும்போது பழக்குங்கள்.

பின்னங்காலைத் தூக்கவே விடவில்லை. லாடம் அடிப்பவர் மேல்மூச்சு வாங்கத் திரும்பிப் போய்விட்டார். குளம்பு வளர்ந்துகொண்டே போகிறது.
– வாசகர், திண்டுக்கல்

இடது காலைத் தர மறுத்தால் வலது காலையும் பாருங்கள். ஒரு காலைத் தூக்கினால் எடை மற்றதில் இறங்கும். அங்கே வலி இருந்தால் குதிரை எப்படித் தரும்? இரு கால்களிலும் சூடு, வீக்கம், குளம்பின் அடியில் நாற்றம் இருக்கிறதா என்று பார்த்தபின் தொடங்குங்கள்.

முன்னங்காலில் தொடங்கிப் பிறகு பின்னங்காலுக்குப் போங்கள். தோளில் கை வைத்தால் கிளிக். கை முழங்கால் வரை இறங்கினால் கிளிக். கணுக்கால் வரை இறங்கினால் கிளிக். கணுவை லேசாக அழுத்தும்போது எடையை மறுகாலுக்கு மாற்றினாலே கிளிக், கால் இன்னும் தரையில்தான் இருக்கும். குளம்பு ஒரு விரலளவு எழும்பினால் கிளிக் அடித்து, உடனே காலைக் கீழே வைக்க விடுங்கள். ஒரு படியில் ஐந்துக்கு நான்கு முறை அமைதியாக நின்றால் மட்டுமே அடுத்த படி. இரண்டு முறை தொடர்ந்து காலை இழுத்தால் முந்தைய படிக்கு இறங்குங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று பிடிவாதம் பிடிக்கும் இடத்தில்தான் உதை விழுகிறது.

காலை அது பிடுங்கும் முன் நீங்களே இறக்கிவிடுங்கள். மூன்று நொடி தாங்கும் குதிரையிடம் இரண்டு நொடியில் விடுங்கள். பின்னங்காலுக்கு முதல் வாரம் உங்கள் கை வேண்டாம். மூன்றடிக் கழியின் நுனியில் துணி சுற்றி, அதனால் தடவிப் பழக்குங்கள். நீங்கள் இடுப்புக்குப் பக்கத்தில், தலையைப் பார்த்தபடி நில்லுங்கள். வாலுக்கு நேர் பின்னே குதிரைக்குக் கண் தெரியாது.

பத்து நொடி தாங்கியதும் உள்ளங்கையால் குளம்பைத் தட்டுங்கள், பிறகு சிறு கல்லால், பிறகு சுத்தியலால். ராவும் அரத்தின் ஓசை பல குதிரைகளுக்கு அடியைவிடக் கொடியது, அதை முதலில் தூரத்தில் நின்று ராவிக் காட்டுங்கள். லாடம் அடிப்பவரை முதல் முறை வேலைக்கு அழைக்காமல், கூலி கொடுத்துச் சும்மா வந்து காலைத் தடவிவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் வரப்போகிறவர், அந்தக் கூலி வீண் போகாது. குளம்பு இப்போதே வெடித்திருந்தால் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் மயக்கமருந்து கொடுத்து ஒருமுறை சீவிவிட்டு, பயிற்சியைப் பொறுமையாகத் தொடருங்கள். நாலு பேர் கட்டிப்பிடித்து ராவினால் நீங்கள் ஒரு மாதம் செய்த வேலை அன்றே போய்விடும்.

கடிவாளம் மாட்டப் போனால் தலையை வானத்துக்குத் தூக்குகிறது. வாயோரம் பழைய தழும்பு இருக்கிறது.
– வாசகர், திருச்செங்கோடு

தழும்பு, முள் கடிவாளம் போட்டதன் அடையாளமாக இருக்கலாம். அந்தக் கடிவாளத்தை 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்கு வதைத் தடுப்பு விதிகள் தடைசெய்திருக்கின்றன. குதிரையோடு அதையும் கொடுத்திருந்தால் இனி யார் கையிலும் போகாதபடி உடைத்துப் போடுங்கள். பல்லையும் நாக்கையும் மருத்துவர் பார்க்கட்டும்.

இப்போதைக்கு வாயில் ஒன்றும் வேண்டாம். மூங்கில் குச்சி நுனியில் மஞ்சள் நிற டென்னிஸ் பந்தைச் செருகுங்கள். குதிரைக்கு மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியும், சிவப்பு பச்சைப் புல்லோடு கலந்துபோகும். மூக்கு நுனிக்கு நேர் கீழே நீட்டினால் அதன் கண்ணுக்குப் படாது, ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் காட்டுங்கள். மூக்கால் தொட்டால் கிளிக். இரண்டு நாளில் பந்து போகும் இடத்துக்கெல்லாம் மூக்கு வரும். இனி முகப்பட்டையின் வளையத்துக்குப் பின்னால் பந்தைக் காட்டினால் மூக்கை அதுவே வளையத்துக்குள் நுழைக்கும். நீங்கள் மாட்ட வேண்டாம், அது வந்து மாட்டிக்கொள்ளட்டும். காதைத் தாண்டி வாரைப் போடுவது கடைசி. இரவில் முகப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், எதிலாவது சிக்கிக் கழுத்து முறியும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாலைந்து நாள் சொன்னதை எதையும் கேட்பதில்லை. வாலைத் தூக்கி நிற்கிறது, கீச்சிடுகிறது. திமிரா?
– வாசகர், தாராபுரம்

பருவத்துக்கு வருகிறது. சுழற்சி சுமார் 21 நாள், அதில் ஐந்து முதல் ஏழு நாள் பருவம். நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அந்த நாட்களில் புதிய பாடம் வேண்டாம். தெரிந்த இரண்டு பாடம், நிறையச் சொறிதல், அவ்வளவுதான். அடுத்த வாரம் எல்லாம் திரும்பிவிடும். அப்படித் திரும்பாமல் மாதக்கணக்கில் பொலிக்குதிரைபோல் மற்றப் பெட்டைகள்மேல் பாய்ந்தால் சூலகத்தில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

எத்தனை நாளைக்குத் தீனிப் பையோடு திரிவது?
– வாசகர், கரூர்

நன்றாகப் பழகிவிட்ட செயலுக்கு ஒவ்வொரு முறையும் கிளிக் தேவையில்லை. லாயத்திலிருந்து தொட்டி வரை உங்கள் தோளோடு நடந்து வந்தால் இரண்டு சொறிதலே கூலி. நடப்பது, நிற்பது, திரும்புவது என மூன்றையும் சேர்த்துச் செய்த பிறகு ஒரு கிளிக் என்று நீட்டலாம். கடினமானவற்றுக்கு மட்டும் எப்போதும் தீனி கொடுங்கள்: ஊசி, லாடம், வண்டியில் ஏறுவது. ஊசி போடும் நாளில் முழுப் பிடியாகவே கொடுங்கள். கிளிக் ஒலித்துவிட்டால், நீங்கள் தவறுதலாக அழுத்தியிருந்தாலும், தீனி கொடுத்தே ஆக வேண்டும். கையில் தீனி இல்லாத நாளில் கிளிக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.